90களின் கடிதம், ஆல்பம், மினிடிவி டேப், ஊர்வல பேனர்: கண்காட்சிக்கு முன் எதை முதலில் கவனிப்பது?

அல்சூர்க்கரை:

தோழர்களுக்கு வணக்கம். பெங்களூரில் இயங்கிய பால்புதுமையினர் (எல்ஜிபிடிக்யூ) ஆதரவுக் குழு ஒன்றின் பழைய பொருட்கள் இரண்டு தகர டிரங்குப் பெட்டியிலும் ஓர் இரும்பு பீரோவிலும் இருக்கின்றன. ஜனவரியில் அல்சூர் பக்கம் சின்ன ஹால் ஒன்றில் ஆறு வாரக் கண்காட்சி. அது முடிந்ததும் ஓர் ஆவணக்காப்பகத்திடம் நிரந்தரமாக ஒப்படைக்க வேண்டும்.

உள்ளே இருப்பவை: 1990களின் நடுவிலிருந்து வந்த கடிதங்கள், நானூறு தேறும், பெரும்பாலும் இன்லேண்ட், பாதிக்கு மேல் தமிழ். ஃபேக்ஸ் தாள் ஒரு ஃபைல் நிறைய. மேலே பிளாஸ்டிக் தாளைத் தூக்கி ஒட்டுகிற வகை ஆல்பம் ஆறு. மினிடிவி (சிறிய டிஜிட்டல் வீடியோ கேசட்) 31, விஎச்எஸ் 9, ஆடியோ கேசட் 40. 2008 ஊர்வலத்தில் பிடித்த, பெயின்ட்டில் எழுதிய துணி பேனர். அதற்குப் பிந்தைய ஃப்ளெக்ஸ் பேனர்கள். ஸ்கெட்ச் பேனாவில் எழுதிய சார்ட் அட்டைகள். மூத்த திருநங்கை ஒருவர் கொடுத்த ஜரிகைப் புடவை. போலீஸ் புகார் நகல்கள், ஹமாம்களில் (திருநங்கைகள் நடத்திய வெந்நீர்க் குளியலகங்கள்) நடந்த போலீஸ் சோதனைகள் பற்றிய கைக்குறிப்புகள், சில மருத்துவமனை அட்டைகள்.

கடிதங்களை லேமினேட் செய்துவிடலாம் என்று ஒருவர் சொல்கிறார். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து கூகுள் டிரைவில் போட்டால் வேலை முடிந்தது என்கிறார் இன்னொருவர். இரண்டுமே சரியாகப் படவில்லை. கையில் இருக்கும் பணம் சொற்பம். எந்த வரிசையில் செலவழிப்பது? ஆல்பத்தில் இருக்கும் முகங்களை என்ன செய்வது? கொடுத்தவர்களிடம் என்ன எழுதி வாங்குவது?

காகிதப்பூச்சி:

லேமினேஷன் வேண்டவே வேண்டாம். சூட்டில் உருகும் பசை காகித இழைக்குள் இறங்கிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. உள்ளே இருக்கும் அமிலமும் வெளியேற வழியில்லாமல் அங்கேயே கிடந்து தாளைப் பழுப்பாக்கும். பழைய இன்லேண்ட் தாள் ஏற்கெனவே மெலிசு.

முதல் வேலை ஃபேக்ஸ் ஃபைல். 90களின் ஃபேக்ஸ் பெரும்பாலும் தெர்மல் தாள். எழுத்து மையால் ஆனதில்லை, சூட்டில் கறுக்கும் பூச்சு. வெளிச்சம், வெப்பம், பிவிசி உறை மூன்றும் அதை அழிக்கும். சாதாரண பிளாஸ்டிக் ஃபோல்டரில் போட்டு வைத்திருந்தால் இன்றே வெளியே எடுங்கள். 400 டிபிஐ, வண்ணத்தில் ஸ்கேன். மங்கிய எழுத்தை வண்ண ஸ்கேனிலிருந்து ஓரளவு மீட்கலாம், கறுப்பு-வெள்ளையில் எடுத்தால் அதுவும் போச்சு. சூடாகும் எந்த இயந்திரத்துக்குள்ளும் அசலை விடக்கூடாது.

அடுத்து பெட்டியைத் திறப்பது. பாச்சை உருண்டை இருந்தால் எடுத்துவிடுங்கள். நாஃப்தலின் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கும், கேசட் டப்பாவின் பாலிஸ்டைரீன் அதில் ஒன்று. வெயிலில் காயவைக்கும் நம்மூர் வழக்கமும் இங்கே உதவாது. மூடிய ஜன்னல், ஓடும் மின்விசிறி, வெள்ளைத் துணி விரித்த மேஜை, அவ்வளவு போதும். பொருள்கள் இருக்கும் வரிசையைக் கலைக்காமல் பெட்டி எண், அடுக்கு எண் போட்டு மேலிருந்து படம் எடுங்கள். எந்தக் கடிதம் எந்தப் புகைப்படத்தோடு கிடந்தது என்பதே பல நேரம் ஒரே தடயம்.

பஞ்சு மாதிரி படர்ந்திருந்தாலோ மக்கிய வாடை வந்தாலோ பூஞ்சை. அதைத் தனி பாலித்தீன் பையில் போட்டு ஒதுக்குங்கள். என்95 முகக்கவசம் போட்டு, காய்ந்த பிறகு மென்மையான பிரஷ்ஷால் தட்டி எடுக்கலாம். ஈரத்துணி கூடவே கூடாது. வெள்ளிப்பூச்சி, புத்தகப் புழு இருந்தால் மருந்து அடிப்பதைவிட உறையவைப்பது மேல். காற்றை அழுத்தி வெளியேற்றி இரட்டைப் பையில் கட்டி, வீட்டு டீப் ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம். எடுத்த பின் ஒருநாள் முழுக்கப் பையைத் திறக்கக் கூடாது, திறந்தால் காற்றின் ஈரம் தாளில் வியர்க்கும். காகிதத்துக்கும் வெறும் துணிக்கும் இது சரி. புகைப்படம், நாடா, மணி கோத்த புடவையை உள்ளே வைக்காதீர்கள்.

துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்னை ரிமூவரால் இழுத்தால் தாளும் சேர்ந்து வரும். பின்னுக்கும் தாளுக்கும் நடுவே மெல்லிய பாலியஸ்டர் துண்டைச் செருகி, பின்புறக் கால்களைத் தட்டைக் கத்தியால் நிமிர்த்தி, முன்புறமாகத் தூக்க வேண்டும்.

ஆல்பம்தான் பொறுமையைச் சோதிக்கும். பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் இருக்கிறபடியே படமெடுத்து வையுங்கள். பிறகு மெழுகு பூசாத டென்டல் ஃப்ளாஸைப் படத்தின் மூலையில் நுழைத்து, அறுப்பது போல மெல்ல இழுங்கள். ஹேர் டிரையரால் சூடு காட்டச் சொல்லும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. வண்ணப் படத்தின் ஜெலட்டின் இளகிவிடும், நான் பரிந்துரைக்க மாட்டேன். வராத படத்தை விட்டுவிட்டு, பிளாஸ்டிக் மேல்தாளை மட்டும் நீக்கி, நடுவே அமிலமில்லாத தாள் வைத்தால் போதும். எடுத்த படத்தின் முதுகில் பால்பாயின்ட்டால் எழுதாதீர்கள். அந்தக் கால பிளாஸ்டிக் பூச்சுத் தாளில் பென்சிலும் பிடிக்காது, எனவே உறையின் மேல் எழுதி, பிறகு படத்தை உள்ளே நுழைப்பது வழக்கம். உறை பாலியஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலீன். அழுத்தமான பிளாஸ்டிக் வாடை அடித்தால் அது பிவிசி, கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பணம் குறைவென்றால் பெட்டியில் செலவழிக்காமல் ஃபோல்டரில் செலவழியுங்கள். தாளைத் தொட்டுக்கொண்டிருப்பது ஃபோல்டர்தான். அது அமிலமற்றதாக, பிஎச் 7.5க்கு மேல் இருந்தால், வெளிப்பெட்டி சாதாரண பாலிப்ரொப்பிலீனாக இருந்தாலும் சமாளிக்கலாம். பவுடர் கோட்டிங் உள்ள இரும்பு பீரோ நல்லதே. வெளிச்சுவரை ஒட்டி வைக்காமல், தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் உயர்த்தி வையுங்கள். ஒரு டிஜிட்டல் ஈரப்பதமானி உள்ளே இருக்கட்டும். பெங்களூரில் ஜூன் முதல் அக்டோபர் வரைதான் தலைவலி. 65 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை முளைக்கும். பகலில் ஏசி போட்டு ராத்திரி அணைக்கிற அறை, ஏசியே இல்லாத அறையைவிட மோசம். ஈரம் ஏறி இறங்குவதில்தான் தாள் சுருளும்.

துணி பேனரை மடிக்கக் கூடாது, பெயின்ட் மடிப்பில் வெடிக்கும். 10 சென்டிமீட்டருக்குக் குறையாத விட்டமுள்ள குழாயில், பெயின்ட் பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டுங்கள். பலர் உள்பக்கமாகச் சுருட்டுவார்கள். அப்போது பெயின்ட் நசுங்கி உதிரும். சிக்பேட் துணிக்கடைகளில் கிடைக்கும் அட்டைக் குழாய் போதும், ஆனால் அந்த அட்டை அமிலம். அலுமினிய ஃபாயில் ஒரு சுற்று, அதன் மேல் கஞ்சி போக இரண்டு முறை அலசிக் காயவைத்த காடாத்துணி ஒரு சுற்று, அப்புறம்தான் பேனர். ஃப்ளெக்ஸ் வேறு சாதி. அது பிவிசி, நாளாக ஆக எண்ணெய் மாதிரிக் கசிந்து ஒன்றோடொன்று ஒட்டும். நடுவே சிலிக்கான் பூசிய தாள் வைத்து, மற்றப் பொருள்களிலிருந்து தள்ளி வையுங்கள். எல்லா ஃப்ளெக்ஸையும் வைத்துக்கொள்ள வேண்டுமா என்பதையும் யோசியுங்கள். பிரிண்ட் ஃபைல் கிடைத்தால் இரண்டு மூன்று அசல் போதும்.

புடவையைத் துவைக்கவோ டிரை கிளீன் செய்யவோ வேண்டாம். மல்லிகைக் கறையும் குங்குமமும் வியர்வைக் கோடும் அது கட்டப்பட்ட புடவை என்பதற்கான சான்று. மடிப்பு விழும் இடத்தில் எல்லாம் காடாத்துணியை உருட்டி வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பு மாற்றுங்கள்.

கடைசியாக வெளிச்சம். ஸ்கெட்ச் பேனா மை வெளிறுவதில் மன்னன். இந்த வகைப் பொருளுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு), ஆண்டுக்கு மொத்தம் 15,000 லக்ஸ்-மணி என்பது உலக அளவில் அருங்காட்சியகங்கள் பின்பற்றும் வரம்பு. 50 லக்ஸில் நாளைக்கு 8 மணி நேரம் என்றால் 400. வாரம் ஆறு நாள், ஆறு வாரம்: 14,400. அதாவது உங்கள் ஒரே கண்காட்சியில் அந்த வருடப் பங்கு தீர்ந்துவிடும். மாடிக் கண்ணாடி ஜன்னல் உள்ள ஹாலில் 50 லக்ஸ் என்பதும் கனவு. சார்ட் அட்டைகளுக்கு நகல் எடுத்துத் தொங்கவிட்டு, 'இது நகல்' என்று லேபிளில் போட்டுவிடுங்கள்.

ரீல்சுற்றி:

காகிதம் இன்னும் முப்பது வருஷம் காத்திருக்கும், மினிடிவி காத்திருக்காது. டேப் கெட்டுப்போவதைவிட, ஓடவைக்கும் கேமரா கிடைக்காமல் போவதுதான் பிரச்சினை. என்னைக் கேட்டால் ஃபேக்ஸ் முடிந்த கையோடு இதுதான்.

எதைத் தொடுவதற்கு முன்பும் அழிப்புப் பாதுகாப்பு. மினிடிவி முதுகில் சின்னத் தள்ளு பொத்தான் இருக்கும், 'சேவ்' பக்கம் தள்ளுங்கள். விஎச்எஸ்ஸிலும் ஆடியோ கேசட்டிலும் விளிம்புத் தாழ்ப்பாளை உடைத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் கேமராவில் போட்டு, தவறி ரெக்கார்டு அமுக்கினால் அந்த இடம் போனது போனதுதான்.

மினிடிவி டேப்பில் இருப்பது ஏற்கெனவே டிஜிட்டல். அதை மஞ்சள்-வெள்ளை-சிவப்பு கேபிளில் எடுத்து யூஎஸ்பி டாங்கிளில் பிடிப்பது பாவம். கேமராவைக் கணினியோடு நேரடியாக இணைக்கும் ஃபயர்வயர் கேபிள் வழியாக எடுத்தால் டேப்பில் இருப்பது அப்படியே வரும், கூடவே டைம்கோடும் கேமராவில் பதிந்த தேதியும். 'இது எந்தக் கூட்டம்' என்ற கேள்விக்கு அந்தத் தேதிதான் பதில் சொல்லும், கேமராக் கடிகாரத்தைச் சரியாக வைத்திருந்தால். எஸ்பி ரோட்டில் பழைய கணினி உதிரிபாகங்கள் விற்பவர்களிடம் ஃபயர்வயர் கார்டு கேளுங்கள், டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப் உள்ளதாக. லினக்ஸில் டிவிகிராப் மென்பொருள் போதும். ஒரு மணி நேர டேப்புக்கு ஏறத்தாழ 13 ஜிபி. 31 டேப்புக்கு 400 ஜிபி. அந்த .டிவி கோப்பையே மூலமாக வையுங்கள், எம்பி4 பார்ப்பதற்கு மட்டும்.

முதலில் டேப்பை முழுக்க முன்னால் ஓட்டி, முழுக்கப் பின்னால் ஓட்டி, அப்புறம் ப்ளே. வருஷக்கணக்கில் படுத்துக் கிடந்த டேப்பின் இறுக்கம் சீராகும். படம் சதுரம் சதுரமாக உடைந்தால், டேப்பைப் படிக்கும் ஹெட்டில் அழுக்கு. உலர் கிளீனிங் டேப்பைப் பத்து விநாடிக்கு மேல் ஓட்டாதீர்கள், அது உப்புத்தாள் மாதிரி ஹெட்டைத் தேய்க்கும். அப்படியும் உடைந்தால் இரண்டு முறை எடுத்து, டிவிரெஸ்க்யூ மென்பொருளில் இரண்டிலும் நல்ல பகுதிகளைச் சேர்க்கலாம்.

ஜன்னல் வழியே டேப்பின் விளிம்பைப் பாருங்கள். வெள்ளைப் பொடி தெரிந்தால் பூஞ்சை, ப்ளேயரில் போடவே கூடாது. ஒரு டேப் போட்டால் ஹெட் வழியாக அடுத்த எல்லாவற்றுக்கும் ஒட்டும்.

விஎச்எஸ்ஸுக்கு டிபிசி (படத்தின் ஆட்டத்தைச் சீராக்கும் கருவி) உள்ள நல்ல டெக் வேண்டும். 720க்கு 576, இன்டர்லேஸ் அப்படியே, தரம் குறையாத எஃப்எஃப்வி1 வடிவத்தில். கடையில் கொடுத்தால் டிவிடி அடித்துக் கொடுப்பார்கள், அது பாதுகாப்பு ஆகாது. ஆடியோ கேசட் 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மணிக்கு 2 ஜிபி. ஒவ்வொரு கேசட்டுக்கும் ஹெட்டின் சாய்வுத் திருகைத் திருப்பி, 'ஸ்' ஓசை கூர்மையாகும் இடத்தில் நிறுத்துங்கள். பேச்சுப் பதிவில் இது ஒன்றே பாதி வித்தியாசம்.

எல்லாம் சேர்த்தால் 2 டிபிக்குள் அடங்கும். வெவ்வேறு கம்பெனியின் இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒன்று வேறு வீட்டில். மூன்றாவது நகல் ஒப்படைக்கப் போகும் காப்பகத்தில். மின்சாரம் இல்லாமல் வருஷக்கணக்கில் கிடக்க எஸ்எஸ்டி ஏற்றதல்ல. எடுத்தவுடன் ஷா-256 செக்சம் (கோப்பு மாறியிருந்தால் காட்டிக்கொடுக்கும் எண்) கணக்கிட்டு டெக்ஸ்ட் கோப்பில் வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை சரிபாருங்கள். டிஸ்கைக் கடவுச்சொல்லால் பூட்டுங்கள், வெராகிரிப்ட் மென்பொருள் இலவசம். கடவுச்சொல் இரண்டு பேரிடம் சீல் வைத்த உறையில். கூகுள் டிரைவுக்குப் போகலாமா என்பது பொருளைப் பொறுத்தது. ஊர்வலக் காட்சி போகலாம், வீட்டுக்குள் நடந்த ஆதரவுக் கூட்டம் போகக்கூடாது.

மெஜஸ்டிக் வக்கீல்:

மேலே இருவரும் சொன்னதற்கு முன்னால் ஒரு வேலை உண்டு: பட்டியல் எடுக்கும் முறை.

இந்தச் சமூகத்துக்கும் 'பதிவேட்டுக்கும்' பழைய பகை. 1871 குற்றப் பழங்குடிகள் சட்டத்தின் இரண்டாம் பகுதி திருநங்கையரைப் பெயர், முகவரியோடு பதிவு செய்யச் சொன்னது. 2011ல் கர்நாடக போலீஸ் சட்டத்தில் 36ஏ என்று நுழைத்த பிரிவும் அதே மாதிரிப் பதிவேட்டுக்கு கமிஷனருக்கு அதிகாரம் கொடுத்தது. எனவே 'அனுப்புநர் பெயர், ஊர், தேதி, பொருள்' என்று எக்செல்லில் நானூறு வரி அடித்து வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டால், நல்ல எண்ணத்தோடு நீங்களே இன்னொரு பதிவேடு தயாரித்துவிடுகிறீர்கள். இரண்டு பட்டியல் போடுங்கள். பொதுப் பட்டியலில் எண், வகை, மொழி, ஆண்டு, மாவட்டம், தடை நிலை (யார் பார்க்கலாம் என்பது) மட்டும். பெயர், முகவரி உள்ள சாவிப் பட்டியல் தனி, பூட்டிய டிஸ்கில்.

இன்லேண்டின் வெளிமடிப்பில் அனுப்புநர் முகவரி இருக்கும். அதை மறைத்தாலும் தபால் முத்திரை பேசும். ஆம்பூர் முத்திரையும், உள்ளே 'டேனரியில் கணக்கு எழுதுகிறேன்' என்ற வரியும், 'தங்கைக்கு வைகாசியில் கல்யாணம்' என்ற வரியும் சேர்ந்தால் அந்த ஊர்க்காரருக்கு ஆளைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். பெயரை மட்டும் அடித்துவிட்டு 'அடையாளம் நீக்கப்பட்டது' என்று போடுவது ஏமாற்று.

எழுதி வாங்க வேண்டியவை:

பொருளின் உரிமை வேறு, காப்புரிமை வேறு. கடிதத்தாள் பெற்றவருக்குச் சொந்தம், அதிலுள்ள சொற்கள் எழுதியவருக்குச் சொந்தம். புகைப்படத்தில் இருப்பவருக்கு அல்ல, எடுத்தவருக்குக் காப்புரிமை. காசு கொடுத்து எடுக்கச் சொன்னால் சொன்னவருக்கு. வரிகளைப் பெரிதாக்கிச் சுவரில் அச்சிடவும் கேட்லாக்கில் போடவும் அந்த உரிமையாளரின் அனுமதி வேண்டும். உரிமப் பத்திரத்தில் காலமும் இடமும் எழுத மறக்காதீர்கள். எழுதாவிட்டால் காப்புரிமைச் சட்டம் 19ஆம் பிரிவின்படி காலம் ஐந்து ஆண்டு, இடம் இந்தியா என்றுதான் கொள்ளப்படும். 30ஏ இதையே உரிமங்களுக்கும் பொருத்துகிறது. ஒரு வருடம் பயன்படுத்தாவிட்டால் உரிமை காலாவதியாகும் என்ற உட்பிரிவும் அதில் இருக்கிறது, அது பொருந்தாது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

தடை நிலையை நாலாகப் பிரிப்பது நடைமுறைக்கு ஒத்துவரும்: யாரும் பார்க்கலாம், நேரில் வந்து படிக்கலாம் ஆனால் படமெடுக்கக் கூடாது, பெயர் மாற்றி மட்டும், குறிப்பிட்ட தேதி வரை மூடியது. 'என்றென்றும் மூடியது' என்று எழுதாதீர்கள், பத்து வருடம் கழித்து வருபவருக்கு அதை எப்படிக் கையாள்வதென்று தெரியாது. தேதியோ, 'கொடுத்தவர் காலத்துக்குப் பின் இத்தனை ஆண்டு' என்றோ போடுங்கள். திரும்பப் பெறும் உரிமையும், காப்பகம் மூடப்பட்டால் பொருள் எங்கே போகும் என்பதும் கட்டாயம். படிக்கத் தெரியாதவருக்குப் பத்திரத்தைத் தமிழிலோ உருதுவிலோ தெலுங்கிலோ வாசித்துக் காட்டி, அதையும் ஒலிப்பதிவு செய்யுங்கள்.

மருத்துவமனை அட்டைகளில் எச்ஐவி நிலை தெரிந்தால் காட்சிக்கு வைக்கவே கூடாது. 2017 எச்ஐவி, எய்ட்ஸ் சட்டப்படி எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் வெளியிட முடியாது. புகார் நகல்களில் பாலியல் வன்முறை இருந்தால் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதா 72ஆம் பிரிவின்படி குற்றம், பழைய சம்பவமாக இருந்தாலும். 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆய்வுக்கும் ஆவணப்படுத்தலுக்கும் விலக்கு இருக்கிறது, ஆனால் அது சுவரில் ஒட்டுவதற்கான அனுமதிச் சீட்டு அல்ல.

இன்னொன்று. மூத்த திருநங்கை காலமானால் சட்டப்படி பொதுவாக வாரிசு பிறந்த குடும்பம். குருபாய்க்கோ (ஒரே குருவின் சக சீடர்) சேலாவுக்கோ (சீடர்) தானாக எதுவும் போகும் என்று நம்பியிருக்க முடியாது. அந்தப் புடவையையும் டைரியையும் பிறந்த வீட்டார் வந்து கேட்டால் பதில் இருக்க வேண்டும். உயிரோடு இருப்பவர்களிடம் தானப் பத்திரம் வாங்கிப் பொருளைக் கையோடு பெற்றுக்கொள்ளுங்கள். விரும்புபவர்கள் ஒரு பக்க உயில் எழுதலாம்: வெள்ளைத்தாள் போதும், பத்திரப்பதிவு கட்டாயமில்லை, இரண்டு சாட்சிகள் கையெழுத்து. அச்சாகாத கையெழுத்துப் பிரதியை உயிலில் கொடுத்தால், வேறு மாதிரி எழுதாதவரை, காப்புரிமையும் சேர்ந்தே போகும்.

அல்சூர்க்கரை:

மூவருக்கும் நன்றி. முத்திரை விஷயம் யோசிக்கவே இல்லை. சாவிப் பட்டியலைத் தனியாகப் பிரித்துவிடுகிறோம்.

முகங்கள் பற்றி இன்னும் தெளிவில்லை. ஆல்பத்தில் முக்கால்வாசி பேருடைய இன்றைய விலாசம் தெரியாது. எல்லா முகத்தையும் மங்கலாக்கிவிடலாமா?

சுவரொட்டி:

கண்காட்சி வடிவமைக்கும் பக்கத்திலிருந்து சொல்கிறேன்: வேண்டாம். மங்கலாக்கிய முகங்கள் வரிசையாக நின்றால் டிவி கிரைம் செய்தி மாதிரி இருக்கும். போலீஸ் படம் பிடித்த கோணத்திலேயே நீங்களும் காட்டுவதாக ஆகிவிடும். தெரிந்தவர், ஒப்புக்கொண்டவர் படத்தைப் பெரிதாக, முழு முகத்தோடு, அவர் விரும்பும் பெயரோடு வையுங்கள். மற்றதில் கைகள், முதுகு, சமையல், தட்டுகள், செருப்புக் குவியல் இருக்கும் இடமாக வெட்டி எடுங்கள். ஒரு படம் முக்கியம், ஆனால் காட்ட முடியாது என்றால் அதே அளவில் வெற்றுச் சட்டம் மாட்டி, ஏன் இல்லை என்று இரண்டு வரி எழுதுங்கள்.

மெஜஸ்டிக் வக்கீல்:

சுவரொட்டி, அழகுக்காக ஒருவரை ஆபத்தில் விட முடியாது. வெட்டி எடுத்த படத்திலும் கடைப் பெயர்ப்பலகை, ஸ்கூட்டர் எண், கையில் பச்சை குத்திய பெயர் இருக்கும். தெரியாதவர் முகத்தை மறைத்தே ஆக வேண்டிய இடங்கள் உண்டு. மறைப்பதென்றால் ஒற்றை நிறத்தில் முழுசாக மூடுங்கள். லேசான மங்கலும் சதுரக் கட்டமும் இன்றைய மென்பொருளுக்குப் பெரிய தடை இல்லை. ஊர்வலப் படங்களிலும் கவனம் வேண்டும். அந்தக் கால ஊர்வலங்களில் முகமூடி போட்டு நடந்தவர்கள் உண்டு. பாதி வழியில் முகமூடியைக் கழற்றியவர் அன்றைக்குச் சம்மதித்தது தெருவுக்கு, இத்தனை வருடம் கழித்து ஆறடி பிரிண்டுக்கு அல்ல.

சுவரொட்டி:

ஆறடி பிரிண்டைப் பற்றி நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். பச்சை குத்திய கையும் சரிதான், அதைச் சரிபார்க்க வேண்டும். மங்கலாக்குவதுதான் இயல்பு நிலை என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அல்சூர்க்கரை, வேறு சில விஷயங்கள். சுவரை 2009, 2013, 2014, 2018, 2023 என்று பால்புதுமையினர் உரிமை பற்றிய நீதிமன்றத் தீர்ப்புகளின் வரிசையாக மாற்றிவிடாதீர்கள். எல்லாக் கண்காட்சியும் அதைத்தான் செய்கிறது, உங்கள் பெட்டியில் இருப்பது அதுவும் அல்ல. பெங்களூருக்கென்று ஒரு தனிக் கோடு இருக்கிறது: 1994ல் குட் ஆஸ் யூ ஆதரவுக் குழு, 1999ல் சங்கமா அமைப்பு, 2001லும் 2003லும் மனித உரிமை அமைப்பான பியுசிஎல் கர்நாடகாவின் அறிக்கைகள், 2008ல் ஊர்வலம். 2003 அறிக்கை கோத்திகளும் (பெண்தன்மை கொண்ட ஆண்கள்) திருநங்கைகளும் பாலியல் தொழிலில் சந்தித்த வன்முறை பற்றியது. உங்கள் ஹமாம் குறிப்புகளை அதன் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று விளக்கும். ஆனால் ஹமாம் என்றால் ரெய்டு மட்டும்தானா? வெந்நீர் அண்டா, வாடிக்கையாளருக்கு வாங்கிய காசு, குருவுக்குக் கொடுத்த பங்கு, யார் சமைத்தார்கள் என்று மூத்தவர்களிடம் கேட்டுப் பதிவு செய்யுங்கள். வன்முறையை மட்டும் அடுக்கினால் பார்க்க வரும் சமூகத்தவரே பாதியில் வெளியே போய்விடுவார்கள். அந்த அடுக்கைத் திரைக்குப் பின்னால், முன்னறிவிப்புடன் வைத்து, தவிர்த்துவிட்டுப் போக மாற்று வழி விடுங்கள்.

லேபிள்: ஒரு மொழிக்கு 60 சொல்லுக்கு மேல் வேண்டாம். தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றும் போட்டால் தமிழ்தான் நீளும், எழுத்தைச் சுருக்கி ஈடுகட்டாதீர்கள். 24 பாயின்ட்டுக்குக் குறையாமல், வரி இடைவெளி ஆங்கிலத்தைவிடத் தாராளமாக. சக்கர நாற்காலியில் வருபவர் படிக்க லேபிளின் நடு உயரம் 120 சென்டிமீட்டர். வாசல் பெயர்ப்பலகையில் 60 சதவீதம் கன்னடம் இருக்கட்டும், 2024 சட்டத்திருத்தத்துக்குப் பின் அதை வைத்து வம்பு வராமல் பார்த்துக்கொள்வது நல்லது.

பழைய செய்தித்தாள் தலைப்பில் இழிசொல் இருந்தால் அழிக்காதீர்கள். மேற்கோளுக்குள் அப்படியே விட்டு, உங்கள் விளக்கத்தில் அந்த நபர் தன்னை எப்படி அழைத்தாரோ அப்படி எழுதுங்கள். அவர் சொல் தெரியாவிட்டால் தமிழ்நாடு அரசு 2022ல் வெளியிட்ட சொற்பட்டியலைப் பின்பற்றலாம்.

வருகைப் பதிவேட்டில் கைபேசி எண்ணுக்குக் கட்டம் போடாதீர்கள். 'கருத்து' மட்டும் போதும். திறப்பு விழாவில் படமெடுக்க விரும்பாதவர்களுக்கு வாசலில் ஒரு நிற ஸ்டிக்கர் கொடுத்து, புகைப்படக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

காகிதப்பூச்சி:

ஒப்படைப்பது பற்றி யாரும் பேசவில்லை. நாகரபாவி தேசிய சட்டப் பள்ளியில் இருக்கும் கம்ராவை முதலில் பாருங்கள். ஆவணப்பட இயக்குநர் டி. ஜெயஸ்ரீயின் பதிவுகளிலிருந்து தொடங்கிய பால்புதுமையினர் ஆவணக்காப்பகம். உங்கள் மினிடிவிக்கு இதைவிடப் பொருத்தமான இடம் ஊரில் இல்லை. பெரிய அருங்காட்சியகம் கேட்டால் கொடுக்கலாம்தான், ஆனால் அவர்கள் புடவையையும் பேனரையும் எடுத்துக்கொண்டு நானூறு கடிதத்தை விட்டுவிடுவார்கள். தொகுப்பைப் பிரித்துக் கொடுக்காதீர்கள். தேவைப்பட்டால் பேனரை மட்டும் கடனாகக் கொடுங்கள், கடன் பத்திரத்தில் லக்ஸ் அளவையும் திருப்பித் தரும் தேதியையும் எழுதி. துணிக்குப் பழுது பார்க்க வேண்டியிருந்தால் பெங்களூரிலேயே பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக்கின் பாதுகாப்பு மையம் இருக்கிறது, வீட்டில் தைக்க முயல வேண்டாம்.

பேனர் என்றதும் நினைவுக்கு வருகிறது: 1978ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் தைத்த முதல் வானவில் கொடிகளில் ஒன்று, வைத்திருந்த இடத்தில் ஈரம் பட்டுப் பூஞ்சை பிடித்தது. கெடாமல் மிஞ்சிய துண்டுதான் இப்போது அங்கே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. டிரங்குப் பெட்டி எந்தச் சுவரோரம் இருக்கிறது, மேலே தண்ணீர்க் குழாய் போகிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

அல்சூர்க்கரை:

குளியலறைச் சுவரோரம்தான் இருந்தது. இப்போது நகர்த்தியாயிற்று. ரீல்சுற்றிக்கு ஒரு கேள்வி: நாலு மினிடிவி டேப் ஓடும்போது சத்தம் விட்டுவிட்டு வருகிறது, படம் கட்டம் கட்டமாகிறது. உறையில் 'எல்பி 90' என்று எழுதியிருக்கிறது. வேறு கேமராவில் மற்ற டேப்கள் நன்றாக ஓடுகின்றன.

ரீல்சுற்றி:

எல்பி என்றால் 60 நிமிட டேப்பில் 90 நிமிடம் அடைத்தது. தடம் குறுகல், பதிவு செய்த கேமராவின் ஹெட் நிலைக்கு மட்டுமே சரியாகப் பொருந்தும். டேப் கெட்டுவிட்டது என்று ஒதுக்கிவிடாதீர்கள். முடிந்தால் பதிவு செய்த அதே கேமராவைக் கண்டுபிடியுங்கள், ஓடாவிட்டாலும் மாடல் எண் போதும், அதே மாடல் செகண்ட் ஹேண்டில் தேடலாம். கிடைக்காவிட்டால் மூன்று நான்கு வேறு கேமராவில் எடுத்து டிவிரெஸ்க்யூவில் சேருங்கள். திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்காதீர்கள், ஒரு கேமராவுக்கு ஒரு தடவை, ஓட்டும்போதே கேப்சர் ஓடட்டும். அந்த நாலையும் கடைசியாக வைத்துக்கொண்டு, நன்றாக ஓடும் 27ஐ முதலில் முடித்துவிடுங்கள்.